சந்தேகம் வந்தாலே வெளியே: சாக்கரில் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால்

சின்ன வயதில் விளையாடும்போது இரண்டு பேர் தலை முட்டிக்கொண்டால், உடனே இன்னொரு முட்டு முட்டிக்கொள்வோம். ஒற்றை முட்டோடு விட்டால் கொம்பு முளைக்கும் என்று பாட்டி சொல்லியிருப்பார். நியூ ஜெர்சியில் ஒரு அக்டோபர் சனிக்கிழமை காலை, 12 வயதுக்குட்பட்ட பெண்கள் சாக்கர் (நம்மூர் கால்பந்து) ஆட்டத்தில், துள்ளி வந்த பந்துக்கு இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து மடேரென்று தலை மோதிக்கொண்டார்கள். கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, "இன்னொரு முட்டு முட்டச் சொல்லும்மா, கொம்பு முளைச்சிடப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த அணியின் உதவி கோச்சான நானும் சிரித்தேன்.

மோதியதில் எங்கள் அணிப் பிள்ளை எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, "ஐ ஆம் ஃபைன்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஆட்டம் தொடர்ந்தது. அவள் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவள், வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு பந்து அந்தப் பக்கம் போக, இவள் இந்தப் பக்கம் பார்த்து நின்றாள். கோட்டருகே வந்து என்னிடம், "கோச், நாம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?" என்று கேட்டாள். அப்போதுதான் வெளியே எடுத்தேன். மோதியதற்கும் எடுத்ததற்கும் இடையே மூன்று நிமிடம் ஓடியிருந்தது. மோதிய நொடியே எடுத்திருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று கோட்டருகே நின்ற பெற்றோர் பேசியதில் மூன்று வாக்கியங்கள் காதில் விழுந்தன. "மயக்கம் போடலையே, அப்புறம் என்ன?" "ஒரு ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிடும்." "ராத்திரி மட்டும் தூங்க விட்டுடாதீங்க." அக்கறையில் சொன்னவைதான். ஆனால் மூன்றும் தப்பு. தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் தப்பு என்பது தானாகவே விளங்கிவிடும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

தூக்குக்கு ஒன்றுமில்லை, தயிருக்குத்தான்

எவர்சில்வர் தூக்கில் கெட்டித் தயிரை மடியில் வைத்துக் காரில் போகிறீர்கள். ஓட்டுபவர் சடாரென்று பிரேக் போடுகிறார். தூக்கு எதிலும் இடிக்கவில்லை. உங்கள் கைப்பிடியிலேயே இருக்கிறது, ஒரு நெளிசல் கிடையாது. வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தால் தயிர் ஒரு பக்கம் சரிந்து, விரிசல் விட்டு, தண்ணீர் பிரிந்து நிற்கிறது.

தலையும் அப்படித்தான். மண்டையோடு கெட்டி. மூளை மிக மென்மையானது, சுற்றிலும் மெல்லிய திரவம். ஓடிக்கொண்டிருந்த தலை சட்டென்று நின்றாலும் உள்ளே இருக்கும் மூளை இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிட்டுத்தான் நிற்கும். தலை வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பினால் இன்னும் மோசம். தூக்கைக் கையில் வைத்துச் சட்டென்று திருகிப் பாருங்கள், பாத்திரம் திரும்பும் வேகத்துக்கு உள்ளே இருப்பது திரும்பாது. அந்த இழுபறியில் மூளையின் இழைகள் இழுபடுகின்றன, முறுக்கப்படுகின்றன. இப்படி உலுக்கப்பட்டதால் மூளையின் வேலை தற்காலிகமாகக் குழம்பிப் போவதற்குத்தான் கன்கஷன் என்று பெயர். தமிழில் மூளை அதிர்ச்சி என்று எழுதுகிறார்கள். பள்ளி நர்ஸும் டாக்டரும் உங்களிடம் கன்கஷன் என்றுதான் சொல்வார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் உடனே தெரிகின்றன. ஒன்று, கன்கஷன் வர தலையில் அடிபட்டே ஆக வேண்டும் என்பதில்லை. பின்னாலிருந்து ஒருவர் முதுகில் மோதி, கழுத்து வெடுக்கென்று ஆடினாலும் வரலாம். இன்னொன்று, தலையில் மாட்டும் பட்டைகள். சில பெற்றோர் மெத்தை வைத்த ஹெட்பேண்ட் வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தோல் கிழியாமல் அது காப்பாற்றும். உள்ளே தயிர் ஆடுவதை அது நிறுத்தாது.

தயிர் உவமை ஒரு இடத்தில் உதவாது. உடைந்த தயிர் திரும்ப உறையாது. மூளை தேறிவிடும், பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் முழுமையாகத் தேறுகிறார்கள். எப்படித் தேறுகிறது என்பதற்கு இன்னொரு உவமை வேண்டும்.

வெள்ளம் புகுந்த அடுக்ககம்

பெருமழை நாளில் ஒரு சென்னை அடுக்ககத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். அதே நேரம் கரண்டும் போய்விட்டது, ஜெனரேட்டரில் டீசல் கொஞ்சம்தான். செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் கெஞ்சுகிறார்: "லிஃப்ட் வேண்டாம், ஏசி வேண்டாம், மிக்ஸிகூட வேண்டாம், மோட்டாருக்கு மட்டும் விடுங்கள்." கட்டடம் இடியவில்லை. சுவர், கம்பி, குழாய் எல்லாம் அதது இடத்தில் இருக்கின்றன. ஆனால் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

கன்கஷனுக்குப் பிறகு மூளைச் செல்களில் நடப்பது கிட்டத்தட்ட இதுவேதான். நரம்புச் செல்லிலிருந்து நீண்டு போகும் மெல்லிய இழைக்கு ஆக்ஸான் என்று பெயர், செய்தி அதன் வழியாகத்தான் போகிறது. அந்த இழை இழுபடும்போது செல்லின் சவ்வில் உள்ள நுண்வாசல்கள் தாறுமாறாகத் திறந்துகொள்கின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செல்லில் மோட்டார்களே இருக்கின்றன. உயிரியலாளர்களும் அவற்றைப் பம்ப் என்றுதான் அழைக்கிறார்கள். அவை முழு மூச்சில் ஓட ஏராளமான ஆற்றல் வேண்டும். ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரத்து குறைந்துவிடுகிறது.

பிள்ளை சொல்வதெல்லாம் இந்தத் தட்டுப்பாட்டின் குரல்தான். தலை வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, சத்தம் தாங்கவில்லை, படித்த வரியையே திரும்பப் படிக்கிறேன், எரிச்சலாக வருகிறது. எந்தப் பக்கம் கோல் அடிக்க வேண்டும் என்பது மறந்துபோவதும் இதில் சேர்ந்ததுதான்.

இந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தால்? ஜெனரேட்டர் திணறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வெள்ளம் வந்தது போல. தேறுவதற்கு ஆகும் நாட்கள் நீண்டுவிடும். மிக அரிதாக, முதல் அடியிலிருந்து தேறும் முன்னே இரண்டாம் அடி பட்டு, மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் தாக்கம் என்று இதற்குப் பெயர், பெரும்பாலும் இளவயதினருக்குத்தான் வந்திருக்கிறது. பாட்டி சொன்ன இன்னொரு முட்டு இருக்கிறதே, அந்த ஒன்றைத்தான் எப்பாடுபட்டாவது தடுக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கன்கஷன் என்பது உடைந்த பொருள் அல்ல, குழம்பிய வேலை. அடிபட்ட மூளைக்கு ஆற்றல் பற்றாக்குறை. அது தீரும்வரை இன்னொரு அடி படக்கூடாது.

ஸ்கேன் நார்மல் என்றால் என்ன பொருள்

கட்டடத்தை வெளியே நின்று போட்டோ எடுத்தால் சுவர் விரிசல் தெரியும். ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்பது போட்டோவில் தெரியாது. சிடி ஸ்கேன் அப்படிப்பட்ட போட்டோ. எலும்பு முறிந்திருந்தாலோ மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தாலோ காட்டும். வேலைக் குழப்பம் அதில் தெரியாது. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்பதற்குப் பொருள் எலும்பு முறிவோ ரத்தக் கசிவோ தெரியவில்லை என்பது மட்டுமே. கன்கஷன் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. டாக்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எழுதாததற்குக் காரணமும் இதுதான். கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால்தான் எழுதுவார். வளரும் பிள்ளைக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு எதற்கு?

மயக்கமும் அதே கதைதான். கன்கஷன் வந்தவர்களில் நினைவு தப்பி விழுபவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மயக்கம் போட்டால்தான் அடி என்று நினைத்தால் மற்ற ஒன்பது பேரை ஆட விட்டுவிடுவோம்.

உலகமே பார்க்க ஒரு தடவை அப்படி விட்டார்கள். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர், அர்ஜென்டினா வீரர் ஒருவரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்தார், ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து நடுவர் நிக்கோலா ரிஸ்ஸோலியிடம் போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டார். நடுவர் திகைத்துப்போய் ஜெர்மனி அணியிடம் சொன்ன பிறகு, 31-ஆவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். மோதியதிலிருந்து ஏறத்தாழ கால் மணி நேரம் அவர் ஆடியிருந்தார். அந்த முதல் பாதி தனக்கு நினைவே இல்லை என்று பிறகு சொன்னார். உலகத்தரம் வாய்ந்த மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தும் நடந்தது இது. சனிக்கிழமை காலை பூங்கா மைதானத்தில் இருப்பது ஒரு முதலுதவிப் பெட்டியும் நான்கு ஐஸ் பையும்தான்.

கன்கஷனை மைதானத்திலேயே உறுதிசெய்யும் கருவி கிடையாது. அதனால் விதி உறுதியைக் கேட்பதில்லை, சந்தேகம் மட்டுமே போதும் என்கிறது. மற்ற எல்லா விதிகளும் இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளைப்பவைதான்.

கோட்டருகே எதைப் பார்க்க வேண்டும்

பிள்ளையின் முகத்தைவிட நடத்தையைப் பாருங்கள். விழுந்த பிறகு எழ அதிக நேரம் எடுக்கிறாளா, எழுந்ததும் தள்ளாடுகிறாளா, தலையைப் பிடித்துக்கொள்கிறாளா, வெறித்துப் பார்க்கிறாளா, கேட்டதற்குத் தாமதித்துப் பதில் சொல்கிறாளா, தெரிந்த இடத்தில் நிற்காமல் வேறு இடத்தில் நிற்கிறாளா. இதில் ஒன்று இருந்தாலும் வெளியே எடுக்க வேண்டும். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஃபைன்" என்றுதான் சொல்வார்கள். குழம்பியிருக்கும் மூளையிடம், நீ குழம்பியிருக்கிறாயா என்று கேட்டால் அது எப்படிச் சரியான பதில் சொல்லும்? இந்த மைதானத்தின் பெயர் என்ன, இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசி கோல் யார் அடித்தது, போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேளுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டாள் என்பதற்காகத் திரும்ப உள்ளே அனுப்பக்கூடாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டுவதும் உண்டு.

சில அறிகுறிகளுக்கு யோசிக்கவே கூடாது, உடனே 911 (அமெரிக்காவின் அவசர உதவி எண்). கழுத்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல், நேரம் ஆக ஆக அதிகரிக்கும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு கண் பாப்பா பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருப்பது. கழுத்து வலிக்கிறது என்றாலோ நினைவில்லாமல் கிடந்தாலோ பிள்ளையைத் தூக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். தாய் மனம் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொள்ளச் சொல்லும். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையையும் கழுத்தையும் இருந்த நிலையிலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பதுதான் செய்யக்கூடியது.

ஆம்புலன்ஸ் செலவை நினைத்துத் தயங்கும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பில் எப்படி வரும் என்று எனக்கும் தெரியும். இந்த அறிகுறிகளில் எதுவும் இல்லையென்றால் குழந்தை மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்து நர்ஸிடம் பேசிவிட்டு முடிவு செய்யலாம், தப்பில்லை. இருந்தால் தயங்காதீர்கள்.

யார் எதற்குப் பொறுப்பு

2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது ஸாக்கரி லிஸ்டெட் பள்ளி அணிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான். முதல் பாதியில் தலையில் அடிபட்டது. கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் திரும்ப இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளையில் ரத்தக் கசிவு. மண்டையோட்டின் பகுதிகளை எடுத்து அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். பேசவும் நிற்கவும் நடக்கவும் அவன் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2009 மே மாதம் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அதைப் போன்ற சட்டம் வந்துவிட்டது. சில மாநிலங்களில் பள்ளி அணிகளுக்கு மட்டும், சிலவற்றில் கிளப், லீக் எல்லாவற்றுக்கும்.

லிஸ்டெட் சட்டத்தின் சாரம் மூன்றே வரி. சீசன் தொடங்கும் முன் பிள்ளையும் பெற்றோரும் கன்கஷன் பற்றிய தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். உரிமம் பெற்ற, தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப வரலாம். நாம் பதிவுக் கட்டணம் கட்டும்போது வரிசையாக டிக் போட்டுவிட்டுப் போகிறோமே, அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குப் பின்னால் அந்தப் பையன் இருக்கிறான்.

பிள்ளையின் பொறுப்பு, சொல்வது. தன் தலை வலித்தாலும் தோழியின் நடை மாறியிருந்தாலும் சொல்ல வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளைகள் காட்டிக்கொடுப்பதாக நினைத்துத் தயங்குவார்கள், அதனால் இதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

கோச்சின் பொறுப்பு, வெளியே எடுப்பது, அன்று முழுக்கத் திரும்ப இறக்காமல் இருப்பது. கன்கஷனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. பெரும்பாலான கோச்சுகள் என்னைப் போலத் தன்னார்வலர்கள், வார நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்கள். எங்களுக்குச் சிடிசி என்ற அரசு சுகாதார அமைப்பின் "ஹெட்ஸ் அப்" இணையப் பயிற்சி இருக்கிறது, இலவசம்தான், பெற்றோரும் செய்யலாம். எங்கள் அணியில் நாங்களாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கோச்சின் சொந்தப் பிள்ளைக்கு அடிபட்டால் முடிவு மற்ற கோச்சுடையது. என் மகள் விழும்போது என் கண் சரியாகப் பார்க்காது, ஒன்றுமில்லை என்று நம்பவே ஆசைப்படும்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், ஆனால் அவர் பதினைந்து வயதுப் பையனாகக்கூட இருப்பார். அவர் மேல் பாரத்தைப் போடாதீர்கள். கிளப்பின் பங்கும் பெரிது. கோல்போஸ்ட்டைத் தரையோடு கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கட்டாத போஸ்ட் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள், அதில் தொங்க யாரையும் விடாதீர்கள். என் பையில் ஒவ்வொரு பிள்ளையின் மருத்துவப் படிவமும், அந்த மைதானத்தின் முழு முகவரியும், எந்த வாசல் வழியாக ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். "பெரிய பார்க், ஆறாம் நம்பர் ஃபீல்டு" என்று 911-இல் சொன்னால் அவர்களுக்கு விளங்காது.

பெற்றோரின் பொறுப்பு, வீட்டுக்குப் போன பிறகு தொடங்குகிறது. கோட்டருகே அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கோச் வெளியே எடுத்தால் வாதாடக் கூடாது. அன்று அந்தப் பிள்ளையின் அம்மா, "அவளே நல்லாருக்கேன்னு சொல்றாளே, இன்னும் பத்து நிமிஷம்தானே?" என்றார். ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று நிமிடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தானே நினைத்தேன்?

முதல் இரண்டு நாள்

முதலில் தூக்கம். டாக்டர் பார்த்து, அபாய அறிகுறி இல்லை என்று சொன்ன பிறகு பிள்ளை தாராளமாகத் தூங்கலாம். தூக்கம்தான் அந்த மோட்டாருக்கு டீசல். மணிக்கொரு தரம் உலுக்கி எழுப்புவதால் பிள்ளையும் தேறாது, வீடும் தூங்காது. முதல் சில மணி நேரம் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் எழுப்பிப் பார்க்கச் சொல்லி டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். வலி மாத்திரை எது கொடுக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். மாத்திரை போட்டுத் தலைவலியை அமுக்கி ஆட அனுப்புவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

முன்பெல்லாம் இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். இப்போது மருத்துவர்கள் அதைச் சொல்வதில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், போன், டேப்லெட் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். தெருவில் மெல்ல நடந்துவிட்டு வரலாம், நடப்பது நல்லதும்கூட. அதன் பிறகு முதலில் திரும்ப வேண்டியது பள்ளிக்கு, மைதானத்துக்கு அல்ல. அரை நாள், பிறகு முழு நாள். பள்ளிக்குத் தகவல் சொன்னால் தேர்வைத் தள்ளிவைப்பார்கள், வீட்டுப்பாடத்தைக் குறைப்பார்கள். நம் வீடுகளில் பள்ளியோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கணக்கு டியூஷன் இருக்கிறது, ஞாயிறு தமிழ்ப் பள்ளி இருக்கிறது, பாட்டு வகுப்பு இருக்கிறது. எல்லாமே அந்தக் குறைந்த டீசலில் ஓட வேண்டிய மிக்ஸியும் ஏசியும்தான். பரதநாட்டியத்தை மறந்துவிடாதீர்கள். தட்டடவும் குதித்து மெட்டடவும் உடற்பயிற்சிக் கணக்கில்தான் வரும். சாக்கரை நிறுத்திவிட்டு அன்று மாலையே அரங்கேற்ற ஒத்திகைக்கு அனுப்பிய வீடு எனக்குத் தெரியும்.

ஹெட்டர் (பந்தைத் தலையால் அடிப்பது) ஏன் கூடாது

பிள்ளைகளின் தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரிது, கழுத்துத் தசை இன்னும் வலுப்பெறவில்லை, நரம்பிழைகளின் மேலுறை முழுதாக வளர்ந்திருக்காது. ஆகவே அதே இடிக்கு அவர்கள் தலை அதிகமாக ஆடும். ஒரே விதியில் ஆடும் விளையாட்டுகளில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு கன்கஷன் அதிகம் பதிவாகிறது என்பதும் தெரிந்த விஷயம்.

2014-இல் பெற்றோரும் வீராங்கனைகளும் கலிஃபோர்னியாவில் போட்ட வழக்கு ஒன்று சமரசமானதைத் தொடர்ந்து, 2015 நவம்பரில் அமெரிக்கச் சாக்கர் கூட்டமைப்பு பத்து வயது வரை ஹெட்டரை முற்றிலும் நிறுத்தியது. 11, 12 வயதில் பயிற்சியில் வாரத்துக்கு அதிகபட்சம் 30 நிமிடம், ஒரு பிள்ளைக்கு 15 முதல் 20 ஹெட்டர். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் வேண்டுமென்றே பந்தைத் தலையால் அடித்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். கோட்டருகே நின்று "இதுக்கு ஏன் ஃபவுல்?" என்று கத்தும் அப்பாக்களுக்கு இதுதான் பதில். இங்கிலாந்து 2020-இல் இதே வழியில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் ஹெட்டரை நிறுத்தியது.

பந்து மட்டும் பட்டு கன்கஷன் வருவதைவிட, பந்துக்காக ஒரே நேரத்தில் தாவும் இருவர் தலையோடு தலையோ முழங்கையோ மோதி வருவதுதான் அதிகம். ஹெட்டரை நிறுத்தினால் அந்தத் தாவலும் குறைகிறது.

திரும்பி வரும் படிகள்

பள்ளியில் முழு நாள் சிரமமில்லாமல் இருக்க முடிந்த பிறகு, படிப்படியாகத்தான் வர வேண்டும். லேசான நடை, சைக்கிள். பிறகு ஓட்டம். பிறகு பந்தோடு பயிற்சி, ஆனால் யாரும் இடிக்காமல். அதுவரை வந்து அறிகுறி எதுவும் இல்லையென்றால், மருத்துவரின் எழுத்துபூர்வமான அனுமதியோடு முழுப் பயிற்சி. கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். நடுவில் தலைவலி திரும்பினால் நிறுத்தி, ஒரு படி கீழே இறங்க வேண்டும். பிரிட்டனில் 2023-இல் வந்த வழிகாட்டுதலின்படி, எவ்வளவு சீக்கிரம் தேறினாலும் 21 நாளுக்கு முன்னால் போட்டியில் ஆடவே கூடாது. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது. நாள் முடிவாகிவிட்டால் பிள்ளை கெஞ்சாது, பெற்றோர் பேரம் பேச மாட்டார்கள்.

எங்கள் பிள்ளை நான்காவது சனிக்கிழமை வந்தாள். அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டாள். அவள் அம்மா காரிலிருந்து இறங்கியதும் டாக்டர் கடிதத்தை என் கையில் கொடுத்து, "தேதி சரியா இருக்கா பாருங்க" என்றார். பார்த்து, படிவங்களோடு வைத்தேன். அன்று அவளை இருபது நிமிடம் ஆட விட்டேன். வெளியே வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலை வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கடைசியில், "கால்தான் வலிக்குது கோச். மூணு வாரமா மேட்ச் ஆடவே இல்லையே" என்றாள்.